பிரபுவின் மகளும் பீர்க்காரியின் மகளும்

மூன்றாவது ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து முடித்துவிட்டால் என் மகள் எஷினாவின் கல்யாணம் நிச்சயம் என்று நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன். "இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது தடை இருக்கறதா யாருக்காவது தெரிஞ்சா இப்பவே சொல்லுங்க" என்று சாமி கேட்டார். கேட்பது வழக்கம். யாரும் பதில் சொல்லாமல் இருப்பதும் வழக்கம். அன்றைக்குப் பார்த்து கில்லமோர் எழுந்து நின்றார்.

கில்லமோர் எங்கள் பள்ளத்தாக்கில் வம்சம் சொல்பவர். பிறப்பு, கல்யாணம், சாவு எதுவானாலும் முன்னால் வந்து நின்று, இன்னார் மகன் இன்னார், அவருக்கு அப்பன் இன்னார் என்று மேலே மேலே ஏறி, கேட்கிறவனுக்கு மூச்சு முட்டும் வரை சொல்லுவார். கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு கறவை மாட்டைக் கொடுத்து வாயை அடைத்திருப்பேன்.

"யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. தெரிஞ்சத வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல" என்று சொல்லிவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார். "கோர்மக் பிரபுவுக்கு ரெண்டு பொண்ணு. ஒருத்தியோட பையன், அவரு பையன் நம்ம மால்டோவன் ஐயா, அவரு பொண்ணு எஷினா. நாலு. இன்னொருத்தியோட பையன், அவரு பையன் டூகல் ஐயா, அவரு பையன் ஃபெர்கர். அதுவும் நாலு. நாலு தலைமுறைக்குள்ள ரத்த சொந்தம் கட்டக்கூடாதுன்னு திருச்சபை சொல்லுது. அஞ்சா இருந்தா நானே மொத ஆளா வந்து ஆடியிருப்பேன்."

சாமி தன் விரல்களையும் ஒரு தடவை மடக்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மால்டோவனின் கை இடுப்புக்குப் போயிற்று. கத்தியை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. எஷினா என்னைப் பார்த்தாள். அவள் வயிற்றில் மூன்று மாதம். கையடித்துக் கொடுத்த பிறகு வந்ததுதான், கல்யாணம் நடந்துவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நடக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அப்பன் பெயரும் கிடையாது, ஒரு காணி நிலமும் கிடையாது. பாப்பரசரிடம் ஆள் அனுப்பி விலக்கு வாங்கலாம், ஆனால் அவர் இருப்பது கடல் தாண்டி, அவிக்னான் என்கிற தூர ஊரில். போனவன் திரும்பி வருவதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும்.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எனக்கே முழுசாகப் புரிந்ததா என்றால் தெரியாது.

கோர்மக் பிரபு காலத்தில் தெற்கே பெரிய சண்டை. பிரபு தன் ஒரே மகளை, கைக்குழந்தையாக, மலைக்கு அந்தப் பக்கம் பார்லி பீர் காய்ச்சி விற்கிற ஒருத்தியிடம் வளர்க்கக் கொடுத்தார். பிள்ளைகளை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுப்பது எங்களுக்குப் புதிது இல்லை, சண்டைக் காலம் என்பதால் யாருக்கும் தெரியாத வீடாகப் பார்த்துக் கொடுத்தார், அவ்வளவுதான். பீர்க்காரிக்கும் அதே வயதில் ஒரு மகள் இருந்தாள். இரண்டும் ஒரே மாரில் பால் குடித்து வளர்ந்தன. பிரபு ஒற்றைக் கண்ணோடு திரும்பி வருவதற்குள் அவர் மனைவி செத்துவிட்டாள், பீர்க்காரியும் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு நாள் சாயங்காலம் இரண்டு சிறுமிகள் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசலுக்கு வந்து, இரண்டு பேரும் அவரை அப்பா என்று கூப்பிட்டார்கள். எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் இரண்டும் சிரித்தனவாம். இரண்டையும் வைத்துக்கொண்டார். ஒருத்தியை எங்கள் கில்டாரன் வீட்டில் கொடுத்தார், ஒருத்தியை டூகல் ஆட்களின் ஆர்ட்வே வீட்டில் கொடுத்தார். யார் நிஜ மகள் என்று வாயைத் திறக்காமலே கண்ணை மூடிவிட்டார்.

அந்தப் பெண்கள் சாகும் வரை ஒட்டிக்கொண்டே இருந்தார்களாம். சண்டை அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் வந்தது. எங்கள் அம்மாதான் பிரபுவின் மகள், நீங்கள் பீர்க்காரி வம்சம் என்று இவர்கள். இல்லை, நீங்கள்தான் பீர்க்காரி வம்சம் என்று அவர்கள். வசவில் தொடங்கி, மாடு ஓட்டிப் போய், வைக்கோல் போர் எரித்து, கடைசியில் ஆள் வெட்டும் வரை போய்விட்டது. நான் வேறு பள்ளத்தாக்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் பெரிய பெரிய மீசைக்காரர்கள் செத்துப்போன ஒரு பாட்டிக்காகப் பல்லைக் கடிப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். என் மகன் ஊட்ரெட் செத்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஏரி நடுவே ஒரு தீவு இருக்கிறது. கோர்மக் பிரபு அங்கேதான் கிடக்கிறார். அவர் ரத்தம் மட்டுமே அங்கே புதைக்கப்படலாம் என்பது கட்டுப்பாடு. அந்தத் தீவு யாருக்கு என்று ஆறு வருஷத்துக்கு முன் கரையில் நடந்த வெட்டில் என் ஊட்ரெட் விழுந்தான். பிரபுவின் பெயரைக் கத்திக்கொண்டே போனான் என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் அந்தப் பெருமையை என்ன செய்வது? அதே நாளில் டூகலின் மூத்த பையன் நீலும் விழுந்தான். படகுகள் எங்கள் ஆட்கள் கையில் இருந்தன. என் பிள்ளை தீவுக்குப் போனான். டூகலின் மனைவி பெத்தோக் தன் பிள்ளையின் உடலோடு கரையில் நின்று கெஞ்சியும் எங்கள் ஆட்கள் படகு தரவில்லை. நீலைக் கரையிலேயே புதைத்தார்கள், தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.

போன குளிர்காலத்தில் மடத்துப் பெரிய சாமி இரண்டு வீட்டையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசினார். "ரெண்டு பேருமே பிரபுவோட பொண்ணுங்கன்னு வச்சுக்கங்க. யாருக்கும் கொறச்சல் இல்ல" என்றார். எல்லோருக்கும் இது பெரிய அறிவாகத் தெரிந்தது. மால்டோவனும் டூகலும் சுவிசேஷத்தின் மேல் கை வைத்து, எங்கள் பாட்டிகள் அக்கா தங்கை என்று சத்தியம் செய்து, கட்டிப்பிடித்து, மூக்கைச் சிந்தினார்கள். சமாதானம் நிலைக்க எஷினாவை ஃபெர்கருக்குக் கொடுப்பது என்று அந்த இடத்திலேயே முடிவானது. அதற்குப் பிறகு அந்த இரண்டும் நிஜமாகவே ஒன்றை ஒன்று விடாமல் சுற்றியது யாரும் எதிர்பார்க்காத நல்லது.

இப்போது பாருங்கள். நீ எனக்கு ஒரு சொந்தமும் இல்லை என்று கத்திக்கொண்டிருந்த காலமெல்லாம் இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தாராளமாகக் கல்யாணம் செய்திருக்கலாம். அப்போது வெட்டிக்கொண்டார்கள். சொந்தம் என்று சத்தியம் செய்தார்களோ இல்லையோ, கல்யாணம் செய்யக்கூடாத சொந்தமாகிவிட்டார்கள். அன்றைக்கு மேசையைச் சுற்றி லத்தீன் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

திருச்சபை ஆயரின் நீதிபதி வால்டர் சாமி வந்து விசாரிப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வீட்டுத் தலைவர்களும் தனித்தனியாகப் புதிதாகச் சத்தியம் செய்ய வேண்டும். வழி இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒருத்தர் தன் பாட்டி பீர்க்காரியின் மகள்தான் என்று ஒப்புக்கொண்டால் போதும். சொந்தம் அறுந்துவிடும், கல்யாணம் நடக்கும். ஒப்புக்கொண்டவனுக்குத் தீவும் போய்விடும்.

விசாரணைக்கு முந்தின நாள் மால்டோவனிடம் பேச்செடுத்தேன். அடுப்படியில் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டியைப் பிய்த்து நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"உண்மையச் சொல்வேன்."

"எது உண்மை?"

"அதான் தெரியாம உக்காந்திருக்கேன்" என்றார். அவர் அப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"பாட்டி பீர்க்காரி மகன்னு சொல்லிட்டா என்னங்க குடி முழுகிடும்? அவங்க செத்து எத்தனையோ காலம் ஆச்சு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சொல்றேன் மரியோட்டா. சொல்லிட்டு ஊட்ரெட்ட எங்க கொண்டுபோய் வைப்ப? பிரபு ரத்தம் இல்லாதவனுக்குத் தீவுல எடம் இல்லயே. நீயே போய்த் தோண்டி எடுப்பியா?"

பசுவின் தீனிக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தொழுவத்துக்குப் போனால் அங்கே எஷினா நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ யாரு பக்கம்?"

"உன் பக்கம்தான்டி."

"அப்ப அப்பாகிட்ட சொல்லு."

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"உங்க அண்ணனப் பத்திப் பேசுனாரு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "செத்தவனுக்கு இருக்கற எடம் கூட இந்த வீட்டுல எனக்கு இல்ல" என்றாள். ஓங்கி ஒன்று கொடுக்கலாம் போலவும் இருந்தது, இழுத்து அணைத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் பசுவுக்குத் தீனி போட்டேன். ஒரு பிள்ளையை மண்ணோடு இருக்க விட்டு இன்னொரு பிள்ளையை வாழவைக்க முடியாதா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் தூறல். வால்டர் சாமி சளி பிடித்த ஒல்லி மனிதர், பேசுவதைவிட மூக்குறிஞ்சுவது அதிகம். பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு முதலில் மால்டோவனைக் கூப்பிட்டார். அவர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. யாரையும் பார்க்காமல் போய்த் தூணில் சாய்ந்து நின்றார். அடுத்து டூகல். குண்டு மனிதர், எப்போதும் சத்தம் போட்டுப் பேசுகிறவர், வெளியே வந்து பெத்தோக் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். பெத்தோக் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

பிறகு வால்டர் சாமி வெளியே வந்தார். கில்லமோரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"எனக்குக் கொஞ்சம் கொழப்பமா இருக்கு. மால்டோவன், உங்க பாட்டி பீர்க்காரியோட மகள்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. செய்துவிட்டார். மகளுக்காக மகனை விட்டுவிட்டார். அவர் மேல் எனக்கு அந்த நேரம் வந்த அன்பையும் கோபத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"டூகல், நீங்களும் உங்க பாட்டிதான் பீர்க்காரியோட மகள்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க."

மால்டோவன் தூணிலிருந்து நிமிர்ந்தார். "என்னது?"

டூகல் எழுந்தார். "ஏன்யா, நீயும் அதையேவா சொன்ன?"

"நான் எம் பொண்ணுக்காகச் சொன்னேன். நீ எதுக்கு உளறுன?"

"எம் பையன் ஒனக்கு இளப்பமா? நீலுக்குத் தீவு வேணாம், இருக்கறவனாவது வாழட்டும்னு இவதான் அழுதா. அதான் சொன்னேன்."

"ரெண்டு பேரும் பீர்க்காரி மகள்கள்னா," என்று வால்டர் சாமி மெதுவாகச் சொன்னார், "அப்பவும் அவங்க அக்கா தங்கச்சிதான. பீர்க்காரிகிட்டேருந்து எண்ணுனா மறுபடி நாலுதான் வருது."

கில்லமோர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நாலுதான் சாமி."

"அட நீ சும்மா இருய்யா" என்று இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் அவர் மேல் பாய்ந்தார்கள். மூன்று தலைமுறையில் இரண்டு வீடும் ஒன்றாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"ஒருத்தர் மாத்திச் சொல்லுங்க. ஒருத்தர் பிரபு, ஒருத்தர் பீர். முடிஞ்சுது" என்றார் வால்டர் சாமி.

முடியவில்லை. சுவிசேஷத்தின் மேல் வைத்த கை, எப்படி மாற்றுவது? மால்டோவன் மார்பைத் தட்டினார். "எங்க பாட்டிதான்யா பீர்க்காரி மக. ஊருக்கே தெரியும்."

"யாருக்குத் தெரியும்? எங்க பாட்டிதான். அவங்க காய்ச்சுன பீர எங்க அப்பா குடிச்சிருக்காரு."

"எங்க வீட்டுல பாத்திரமே இருந்துதுய்யா."

"பாத்திரம் எங்க வீட்டுலயும்தான் இருந்துது. இப்ப போய்ச் சொல்ல வந்துட்ட, கோர்மக் வம்சம்."

"யாரைப் பாத்து கோர்மக் வம்சம்னு சொல்ற? நீதான்டா கோர்மக் வம்சம்."

இதே இரண்டு பேர். இதே வாய்கள். எதற்காகப் பிள்ளைகளைப் பலி கொடுத்தார்களோ அதையே ஒருத்தர் மேல் ஒருத்தர் வசவாக வீசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற ஆட்கள் எந்தப் பக்கம் கோபப்படுவது என்று தெரியாமல் விழித்தார்கள். ஒருத்தன் வாசலில் வைத்த கத்தியை எடுக்கப் போய், யாரைக் குத்துவது என்று புரியாமல் திரும்பி வந்தான். எஷினாவும் ஃபெர்கரும் சுவர் ஓரமாக நின்று கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோத்த கைகளைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"சாமி, நான் சத்தியம் பண்ணலாமா?"

"நீங்க அந்த ரத்தம் இல்லயேம்மா."

"நான் அந்த ரத்தத்துல ரெண்டு பெத்தவ. ஒண்ண மண்ணுல வச்சவ. போதுமா?"

அவர் மூக்கை உறிஞ்சினார். சுவிசேஷத்தை நீட்டினார். கையை வைத்தேன்.

"பிரபு பொண்ணு யாரு, பீர்க்காரி பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது. எம் புருஷனுக்குத் தெரியாது. அவங்க அப்பாவுக்கும் தெரியாது. பெத்த பிரபுவுக்கே தெரியாது. தெரிஞ்ச ரெண்டு பேரு சிரிச்சாங்க, சொல்லல. எங்களுக்குத் தெரியவே தெரியாது சாமி. இதுதான் உண்மை."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது, என்ன சொல்கிறேன் என்று. என் ஊட்ரெட் எதற்காகச் செத்தான் என்று யாராவது கேட்டால் இனிமேல் இதுதான் பதில்.

பெத்தோக் எழுந்து வந்தாள். என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். "எங்களுக்கும் தெரியாது சாமி" என்றாள்.

மால்டோவன் முன்னால் வந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாதுங்க" என்றார். டூகலும் முணுமுணுத்தார். அவர் மெல்லப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வால்டர் சாமியின் முகம் தெளிந்தது. "கண்ணால பாத்தவங்க யாரும் இல்ல, தெரிஞ்சவங்களும் யாரும் இல்லன்னா, சொந்தம்னு நிரூபிக்க வழி இல்ல. தெரியாத ஒண்ண வச்சு ஒரு கல்யாணத்த நான் தடுக்க முடியாது. தடை இல்ல. பொய்ச் சத்தியம் பண்ணுன ரெண்டு பெரிய மனுஷங்களும் அடுத்த வருஷத் தவக்காலம் முடியிற வரைக்கும் வெள்ளிக்கிழமை வெறும் ரொட்டியும் தண்ணியும்." பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் எரிச்சலாகவே, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. இதச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்றார்.

"நேரம் இல்ல சாமி" என்றேன். "ரெண்டு புள்ளைங்க ஆச்சு."



கல்யாணம் குளிர் தொடங்குகிற மார்ட்டின் திருநாளுக்கு முன்பே நடந்தது. எஷினாவின் இடுப்புக் கச்சை கொஞ்சம் மேலே ஏறித்தான் இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. சால்மன் மீனும் ஆட்டுக்கறியும் முடிந்ததும் கில்லமோர் எழுந்தார். என் வீட்டுக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எஷினா, மால்டோவன் மக. மால்டோவன், கில்கிரிஸ்ட் மகன்" என்று தொடங்கினார். அந்தப் பக்கம் ஃபெர்கர், டூகல், டூகலின் அப்பா. அதற்கு மேல் போக வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். வாழ்நாளில் ஒரு தடவை கூட வம்சத்தை நடுவில் நிறுத்தாத மனிதர். ஒரு வாய் பீர் குடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஒரு நாள் சாயங்காலம் ரெண்டு சின்னப் பொண்ணுங்க கையப் பிடிச்சுக்கிட்டு மலையேறி வந்தாங்க" என்றார். "எது எதுன்னு எனக்குத் தெரியாது."

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மால்டோவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். டூகல் அவர் கிண்ணத்தை நிரப்பினார். ஆறு வருஷத்துக்கு முன் யாராவது ஒருத்தர் எழுந்து இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், என் பிள்ளை இந்த மேசையில் உட்கார்ந்து தங்கை கல்யாணத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்துகொண்டிருப்பான். அந்த நீலும்தான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பெத்தோக் மேசைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அண்ணி, பனி உருகுனதும் எம் புள்ள நீலையும் தீவுக்குக் கொண்டுபோலாமா?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்கற?"

"வேற யாரக் கேக்கறது? தீவு யாரோடதுன்னே இப்ப தெரியலயே."

அது சரிதான். யாருடையது என்று எனக்கும் தெரியவில்லை. அங்கே கிடக்கிற கிழவருக்காவது தெரியுமோ என்னவோ.

"படகு எங்க கரையிலதான் கட்டிக் கிடக்கு. வா, நானே துடுப்புப் போடுறேன்" என்றேன்.